பெர்னிஸார், 1878: நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இகுவானொடான்கள் வெளிவந்த விதம்

1878 ஏப்ரல் 12 அன்று பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு தந்தி போயிற்று. அனுப்பியவர் சுரங்கத் துறைத் தலைமைப் பொறியாளர் குஸ்தாவ் அர்நூல். பெற்றவர் அரச இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் எதுவார் துப்போன். பெர்னிஸார் சுரங்கத்தில் முக்கியமான எலும்புகள் கிடைத்திருக்கின்றன, பைரைட் என்ற இரும்புக் கனிமத்தால் அவை சிதைந்துகொண்டிருக்கின்றன, தெ பாவ் நாளைக் காலை எட்டு மணிக்கு மோன்ஸ் ரயில் நிலையத்தில் இருக்கும்படி அனுப்புங்கள், அவசரம் என்பதே செய்தி.

இந்தச் சில சொற்களில் அர்நூல் மூன்றை மிகச் சரியாகக் கணித்திருந்தார். கிடைத்தது அருங்காட்சியகத்துக்கு உரிய பொருள். அது காத்திருக்காது, காற்றுப் பட்ட நொடியிலிருந்து அழியத் தொடங்கிவிட்டது. உடனே வர வேண்டியவர் பேராசிரியர் அல்ல, எலும்பைக் கையாளத் தெரிந்த பணிமனைக்காரர். லூயி தெ பாவ் அருங்காட்சியகப் பணிமனையின் தலைவர். லியர் நகரில் கிடைத்த மாமூத்தின் எலும்புக்கூட்டை 1869-ல் நிறுத்திக் காட்டியவர். டைனோசர் வேட்டையின் முதல் அறுபது ஆண்டுகளில் எத்தனையோ எலும்புகள் வீணானதற்குக் காரணம், இந்த மூன்றில் ஏதோ ஒன்று தவறியதுதான்.

இகுவானொடான் என்ற பெரிய டைனோசரின் எலும்புக்கூடுகள் வெளிவந்த பெர்னிஸார் நிகழ்வை இங்கே இரு கேள்விகளோடு பார்க்கிறோம். எலும்புகளை எப்படி எடுத்தார்கள்? எடுத்தவை எங்கே, ஏன் கெட்டன? எலும்புகளைவிட, அவை கிடந்த நிலையைப் பதிவு செய்த வரைபடங்களே இந்த அகழ்வின் பெரிய விளைச்சல் என்பது எங்கள் கணிப்பு. அந்த வரைபடங்களை எடுத்தவர்களே முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதும் இந்த நிகழ்வின் ஒரு பகுதி.

அதுவரை கையில் இருந்தது

இகுவானொடானுக்கு 1825-லேயே பெயர் வந்துவிட்டது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதி மருத்துவர் கிடியன் மான்டெல், கக்ஃபீல்டு அருகேயிருந்த கல்குவாரிகளில் கிடைத்த பற்களை வைத்து அந்த விலங்கை விவரித்தார். தேய்ந்த ஒரு பல்லை முதலில் காண்டாமிருகத்தின் வெட்டுப்பல் என்று பாரிஸின் உயிரியலாளர் கூவியே கருதினார். லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் சாமுவேல் ஸ்டச்பரி பெரிய பல்லி வகையான இகுவானாவின் எலும்புக்கூட்டை மான்டெலுக்குக் காட்டியபோதுதான் பல்லின் வடிவ ஒற்றுமை புலப்பட்டது. பெயர் அங்கிருந்து வந்தது.

ஆனால் பல்லை வைத்து உடலைக் கட்ட முடியாது. 1834-ல் மெய்ட்ஸ்டோன் கல்குவாரியில் ஒரு பாறையில் பல எலும்புகள் சேர்ந்து கிடைத்தன. அதுவும் வெடிமருந்து வைத்துத் தகர்த்த பாறை. எலும்புகள் உடைந்தும் இடம் மாறியும் கிடந்தன. நண்பர்கள் 25 பவுண்டு கொடுத்து அதை மான்டெலுக்கு வாங்கித் தந்தார்கள். அந்தக் காலத்தில் கையில் இருந்தவற்றுள் ஒரு கூம்பு வடிவ எலும்பு. அதற்குரிய இடம் தெரியாததால் மான்டெல் அதை மூக்கின்மேல் கொம்பாக வரைந்தார். 1842-ல் டைனோசர் என்ற வகுப்பையே உருவாக்கிய ரிச்சர்ட் ஓவன், இகுவானொடானைக் காண்டாமிருகம் போல் கனத்த நான்குகால் விலங்காகக் கண்டார். 1854-ல் லண்டனின் சிடன்ஹாமில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் வடித்த பெரும் சிலைகள் அந்த உருவத்தைக் கொம்போடு சேர்த்து மக்கள் மனத்தில் பதித்தன.

1858-ல் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் ஹாட்ரோசாரஸ் கிடைத்தது. அதன் முன்கால்கள் பின்கால்களைவிட மிகக் குட்டையாக இருந்தன. ஓவனின் உருவத்தில் ஏதோ பிழை என்று அதை ஆராய்ந்த ஜோசஃப் லெய்டிக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் எலும்போடு எலும்பு இணைந்தபடி, விரல் விரலாக, வால் நுனிவரை ஒரு பெரிய டைனோசரை 1878 வரை கிட்டத்தட்ட எவரும் பார்த்ததில்லை. மூக்கில் வைத்த எலும்பு உண்மையில் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு விடை சொல்ல அப்படி ஒரு முழுக்கூடு வேண்டியிருந்தது.

நிலக்கரிக்குள் களிமண்

பெர்னிஸார், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய எய்னோ மாகாணத்துச் சிற்றூர். 1878 தொடக்கத்தில் அங்கே செயின்ட் பார்ப் என்ற குழியில், தரையிலிருந்து 322 மீட்டர் ஆழத்தில், தொழிலாளர்கள் கிடைமட்டமாக ஒரு குடைவழியை வெட்டிக்கொண்டு போனார்கள். திடீரென்று நிலக்கரிப் படலம் அறுந்து களிமண் வந்தது. அந்தப் பகுதிச் சுரங்கக்காரர்களுக்கு இது புதிதல்ல. படலத்தைக் குறுக்கே வெட்டி நிற்கும் இப்படிப்பட்ட களிமண் குழிகளை அவர்கள் ‘க்ரான்’ என்பார்கள். வழக்கம்போலக் களிமண்ணைக் குடைந்து மறுபக்கத்து நிலக்கரியைப் பிடிக்கப் பார்த்தார்கள்.

ஜூல் க்ரெத்தரும் உடன் வேலை செய்தவர்களும் களிமண்ணில் கண்டது, மரத்தண்டு போன்ற ஏதோ ஒன்று. உள்ளே மஞ்சளாக மின்னியது. பொன் நிறைந்த மரம் என்று நினைத்தார்கள். மின்னியது பைரைட், அதாவது இரும்பு சல்ஃபைடு. மரமாகத் தெரிந்தது எலும்பு. பற்கள் சில லூவன் பல்கலைக்கழகத்தின் பியேர் யோசஃப் வான் பெனெடென் கைக்குப் போயின. அவர் இகுவானொடான் என்று அடையாளம் சொன்னார். அதற்குள் குடைவழி முதல் எலும்புக்கூட்டின் ஊடே போய்விட்டது. பின்னர் வரிசை எழுத்துகளால் பெயரிட்டபோது அதற்கு ‘ஏ’ என்ற எழுத்து கிடைத்தது, நிறையச் சேதத்தோடு.

முந்நூறு மீட்டருக்குக் கீழே, 30 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட நிலக்கரிக்கு நடுவே, சுமார் 12.5 கோடி ஆண்டு வயதுள்ள டைனோசர்கள் எப்படி வந்தன? அடியாழத்தில் இருந்த கரையும் பாறைகளை நிலத்தடி நீர் அரித்தது. மேலே இருந்த அடுக்குகள் குழிந்து இறங்கின. கிரிட்டேசியஸ் காலத்துச் சதுப்பும் ஏரிக் களிமண்ணும் அந்தக் குழிக்குள் மெல்லத் தாழ்ந்தன. ஆழமான பள்ளத்தாக்கில் டைனோசர்கள் விழுந்து இறந்தன என்று தொடக்கத்தில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அந்த விளக்கம் நிற்கவில்லை. விலங்குகள் மேலே நீர்நிலையில் இறந்து, படிந்து, பிறகுதான் படிவத்தோடு சேர்ந்து கீழே இறங்கின. எலும்புக்கூடுகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் பல அடுக்குகளில் கிடந்தது, சாவு ஒரே தடவையில் நேரவில்லை என்பதைக் காட்டுகிறது.

எடுத்த முறை

ஒழுங்கான அகழ்வு 1878 மே 15 அன்று தொடங்கியது. அருங்காட்சியகப் பணியாளர்களும் சுரங்க நிறுவனத்தின் கைதேர்ந்த தொழிலாளர்களும் சேர்ந்து இறங்கினார்கள். இந்தக் கூட்டுதான் வேலையைச் சாத்தியமாக்கியது. களிமண்ணில் கூரை சரியாமல் மர முட்டுகள் கொடுப்பது, நீரை இறைப்பது, காற்றோட்டம் வைப்பது, கூண்டில் ஏற்றுவது எல்லாம் சுரங்கக்காரர் தொழில். எலும்பின் ஓரம் எது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது பணிமனைக்காரர் தொழில். ஒருவர் வேலையை மற்றவர் செய்திருந்தால் இரண்டும் கெட்டிருக்கும்.

முதல் சில நாட்களில் கிடைத்த பாடம் கடுமையானது. களிமண்ணிலிருந்து தனியாக எடுத்த எலும்பு கைக்கு வந்தவுடன் உதிர்ந்தது. ஈரக் களிமண் நான்கு பக்கமும் அழுத்திப் பிடித்திருந்தவரைதான் எலும்புக்கு உருவம் இருந்தது. ஆகவே எலும்பை எடுப்பதை விட்டுவிட்டு, எலும்பு கிடந்த மண்ணையே கட்டியாக எடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

ஒவ்வொரு கூட்டையும் மேற்பக்கம் மட்டும் கவனமாகத் திறந்தார்கள். திறந்த எலும்பின்மேல் நனைத்த காகிதம் ஒட்டப்பட்டது. காகிதத்தின் வேலை பிரிப்பது: நேராகப் பூசிய பிளாஸ்டர் எலும்பின் நுண்துளைகளில் ஊறிப் பிடித்துக்கொள்ளும், பிறகு உரிக்கும்போது எலும்பின் மேல்தோலையும் சேர்த்து இழுத்துவிடும். காகிதத்தின்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினார்கள். அது இறுகியதும் கூட்டைச் சுமக்கக்கூடிய அளவுள்ள கட்டிகளாகப் பிரித்தார்கள். கட்டிகளின் எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் திறமை. மூட்டின் நடுவே வெட்டினால் இரண்டு எலும்பின் முனையும் போய்விடும். நீண்ட எலும்பின் தண்டில் வெட்டினால் பின்னர் ஒட்டலாம். வெட்டுவதற்குமுன் ஒவ்வொரு கட்டிக்கும் எழுத்தும் எண்ணும் இட்டு, கூடு முழுதும் கிடக்கும் நிலையைப் படமாக வரைந்தார்கள். அந்தப் படங்களை வரைந்தவர் குஸ்தாவ் லாவலெத். இந்த ஆய்வின் மையம் அவைதான்.

அடுத்து ஒவ்வொரு கட்டியின் அடியையும் குடைந்து, இரும்புப் பட்டைகளால் வலுவூட்டி, புரட்டி, அடிப்பக்கத்துக்கும் பிளாஸ்டர் உறை போட்டார்கள். புரட்டும் நேரமே மிக ஆபத்தானது. மேல் உறை மட்டும் இருக்கும்போது களிமண்ணின் முழுக் கனமும் திறந்த அடிப்பக்கமாகத் தொங்கும். உறைக்கும் மண்ணுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருந்தாலும் உள்ளே இருப்பது சரிந்து கொட்டிவிடும். இன்றைய களப்பணியிலும் கட்டிகள் கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். உறை எலும்புக்குக் கீழே போதிய அளவு உள்வாங்கி வளைந்திருக்க வேண்டும், அதன்பின்னரே புரட்ட வேண்டும் என்பது அதனால் வந்த விதி.

மொத்தம் சுமார் 600 கட்டிகள். எலும்பு, மண், பிளாஸ்டர், இரும்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 130 டன். சராசரி போட்டால் ஒரு கட்டிக்கு இருநூறு கிலோவுக்கு மேல். அவற்றைக் குடைவழியில் நகர்த்தி, 322 மீட்டர் மேலே ஏற்றி, குதிரை வண்டிகளில் பிரஸ்ஸல்ஸுக்குக் கொண்டுபோனார்கள்.

இதே காலத்தில் அட்லாண்டிக்குக்கு அப்பாலும் இதே சிக்கலுக்கு வேறு கைகள் வழி தேடிக்கொண்டிருந்தன. 1876-ல் மொன்டானாவின் ஜூடித் ஆற்றுப் பகுதியில் தொல்லுயிர் ஆய்வாளர் எட்வர்ட் காப்பின் குழுவில் இருந்த சார்ல்ஸ் ஸ்டர்ன்பெர்க், அரிசியைக் குழைய வேகவைத்துப் பசையாக்கி, மாவு மூட்டைத் துணியை அதில் தோய்த்து எலும்பைச் சுற்றினார். நம் ஊர் நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுவதை அறிந்தவர்களுக்கு அந்தக் கஞ்சித் துணி காய்ந்தால் எவ்வளவு விறைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த வெயில் நிலத்துக்கு அது போதும். ஈரம் வடியாத சுரங்கத்தில் கஞ்சி காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். பிளாஸ்டர் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து, தண்ணீரைத் தன்னுள் வாங்கி இறுகுகிறது. அதனால் ஈரத்திலும் சில நிமிடங்களில் கட்டிப்படும். சாக்குத் துணியையும் பிளாஸ்டரையும் சேர்த்துக் கட்டும் முறையே பிறகு உலகெங்கும் நிலைபெற்றது.

இடையூறுகள்

1878 ஆகஸ்டில் நில அதிர்ச்சி. தெ பாவும் உடனிருந்தவர்களும் குடைவழிக்குள் இரண்டு மணி நேரம் அடைபட்டார்கள். அதையடுத்து நீர்க்கசிவு பெருகியது. அக்டோபரில் கருவிகளையும், எடுத்து முடிக்காத சில கட்டிகளையும் விட்டுவிட்டு மேலேற வேண்டியதாயிற்று. 1879 மே மாதம்தான் மீண்டும் தொடங்க முடிந்தது. பைரைட் ஏறிய எலும்புக்கு இந்த ஏழு மாத இடைவெளி நல்லதா கெட்டதா என்றால், நீருக்குள் மூழ்கிக் கிடந்தவற்றுக்குக் காற்று குறைவு என்ற அளவில் பெரிய கேடில்லை. திறந்து காற்றுப் படவிட்ட எலும்பே முதலில் அழியும்.

பின்னர் 356 மீட்டர் ஆழத்திலும் ஒரு குடைவழி வெட்டினார்கள். அங்கேயும் இகுவானொடான்கள் கிடைத்தன. 1881-ல் செலவு காரணமாக அகழ்வு நின்றது. அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட இகுவானொடான்கள், அவற்றில் பல ஏறத்தாழ முழுமையாக, வெளியே வந்திருந்தன. முதலைகள், ஆமைகள், ஒரு சலமாண்டர், சுமார் 3,000 மீன்கள், ஆயிரக்கணக்கான தாவரப் படிவங்கள், கல்லாகிப்போன விலங்குச் சாணம் என்று துணையாக வந்தவை ஒரு முழுச் சதுப்பு உலகம். முதலை ஒன்றுக்கு ஊர்ப் பெயரையும் சுரங்க இயக்குநர் ஃபாஜெஸின் பெயரையும் சேர்த்து பெர்னிஸார்டியா ஃபாஜெஸி என்று பெயரிட்டார்கள்.

மீனையும் இலையையும் அன்று எடுத்து வைத்தது பெரிய விஷயம். அதே பத்தாண்டில் அமெரிக்க மேற்கில் காப்பும் இன்னொரு தொல்லுயிர் ஆய்வாளரான மார்ஷும் போட்டியிட்டு எலும்பு தோண்டியபோது, பெரிய விலங்கு மட்டுமே குறி. உடனிருந்த சிறியவை பெரும்பாலும் குப்பையோடு போயின.

பைரைட் செய்தது

தேங்கிய, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அது சேற்றில் கரைந்த இரும்போடு சேர்ந்து பைரைட்டாகப் படிகிறது. இறந்த விலங்கைச் சுற்றி இந்த வினை மிகுதி. எலும்பின் நுண்துளைகள் முழுதும் பைரைட் நிரம்பிவிடும். மண்ணுக்குள் இருக்கும்வரை அது எலும்புக்கு உள்ளிருந்து தாங்கல் கொடுக்கிறது. ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து பட்டால் அதே பைரைட் இரும்பு சல்ஃபேட்டாக மாறும், கூடவே கந்தக அமிலம் உண்டாகும். சல்ஃபேட்டின் பருமன் பைரைட்டைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் எலும்பு உள்ளிருந்தே வெடிக்கும். அமிலம் எலும்பின் கால்சியத்தை அரித்து ஜிப்சமாக்கும். வெளியே தெரியும் அடையாளங்கள் மூன்று: வெண்மையும் வெளிர்மஞ்சளுமான தூள் பூத்தல், கந்தக நெடி, நீளவாக்கில் விரிசல். நுண்மணிகளாகத் திரண்டிருக்கும் பைரைட் மிக வேகமாக வினைபுரியும்; பெரிய படிகங்கள் பல ஆண்டு அசையாமல் இருக்கலாம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் வினை துரிதமாகும். இன்று பைரைட் ஏறிய படிவங்களை 50 விழுக்காட்டுக்கும் கீழே வறண்ட நிலையில் வைக்கிறார்கள்.

தெ பாவின் பணிமனைக்கு வேதியியல் விளக்கம் இத்தனை தெளிவாக இல்லை. கண்முன் எலும்பு உதிர்ந்தது மட்டும் தெரியும். கட்டிகளைத் திறந்து, பைரைட்டை உளியால் கொத்தி எடுத்தார்கள். ஏற்பட்ட பள்ளங்களைக் காகிதக் கூழால் நிரப்பினார்கள். எலும்பைச் சூடான ஜெலட்டினிலும் வச்சிரப் பசையிலும் ஊறவைத்தார்கள். பசை அழுகாதிருக்கக் கிராம்புத் தைலம் சேர்த்தார்கள். கொத்தியெடுத்தது சரி. பசையில் இரண்டு குறைகள். அது நீரில் கரைந்த பசை. ஈரத்தையே எதிரியாகக் கொண்ட எலும்புக்குள் ஈரத்தை ஏற்றியது. மேலும் அது மேற்புறத்தில் படலம் கட்டியதே தவிர ஆழத்துப் பைரைட்டை எட்டவில்லை. உள்ளே வினை நடந்துகொண்டே இருந்தது. மேலிருந்த படலம் அதை மறைத்தது.

விளைவு சில பத்தாண்டுகளில் தெரிந்தது. 1930-களில் கூடுகளைக் கழற்றி இரண்டாம் முறை பக்குவம் செய்தார்கள். இம்முறை ஆல்கஹாலில் கரைத்த அரக்கும் ஆர்செனிக்கும். ஆல்கஹால் நீரைவிட எளிதாக உள்ளே புகும், அரக்கு கெட்டிப்படுத்தும், ஆர்செனிக் பூஞ்சணத்தைத் தடுக்கும் என்பது கணக்கு. எலும்புகளின் இன்றைய கரும்பழுப்புப் பளபளப்பில் அந்த அரக்குக்குப் பங்குண்டு. ஆர்செனிக், பின்னர் வந்த பணியாளர்களுக்கு நச்சாக நின்றது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கூடுகளைப் பாதாள அறைகளுக்கு இறக்கினார்கள். அங்கே ஈரம். போரிலிருந்து காப்பாற்றப்போய் பைரைட்டுக்கு இரை கொடுத்ததாயிற்று.

மூன்றாம் முறை 2003 முதல் 2007 வரை. பழைய அரக்கையும் பசையையும் நீக்கி, எலும்புக்குள் பாலிவினைல் அசிட்டேட் ஊட்டி, உடைந்தவற்றை நவீனப் பசைகளால் ஒட்டி, பெரிய கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தார்கள். மூன்று முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவு: எதை உள்ளே ஊட்டுகிறோம் என்பதைவிட, எலும்பைச் சூழ்ந்த காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே நோயை நிறுத்துகிறது. 1880-களில் அதற்கான வசதி இல்லை.

எலும்பு தரைக்கு மேல் வந்தபின் அழிவது சுரங்கத்துக்கு மட்டும் உரியதல்ல. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்து 1980-களின் பிற்பாதியில் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் பெற்ற பேருருவத்தின் எலும்புகள் இன்று இல்லை. எளிதில் நொறுங்கும் எலும்புகள் அவை, சிதைந்துபோயின. எஞ்சியிருப்பவை வரைபடங்களும் படங்களும் அளவுகளும். ஓர் எலும்பு போனபின் அறிவியலுக்கு என்ன மிஞ்சும் என்பதை அந்தப் பதிவே தீர்மானிக்கிறது.

நிறுத்தியது

பிரஸ்ஸல்ஸின் நாசோ அரண்மனையில் உள்ள புனித ஜார்ஜ் சிற்றாலயம் பணிமனையாயிற்று. காரணம் பக்தியல்ல, கூரையின் உயரம். 1882-ல் முதல் கூடு அங்கே எழுந்தது. உயரமான மரச் சாரம் கட்டி, ஒவ்வொரு எலும்பையும் கயிற்றில் தொங்கவிட்டு, கயிறுகளை இழுத்தும் தளர்த்தியும் மூட்டுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். நிலை தீர்மானமான பிறகே இரும்புச் சட்டம் அடித்துத் தாங்கல் கொடுத்தார்கள். லியோன் பெக்கர் 1884-ல் வரைந்த ஓவியம் ஒன்று இந்த வேலையைக் காட்டுகிறது. இரும்பை முதலில் வளைத்துவிட்டு எலும்பை அதற்கு ஏற்ப அமைப்பதைவிட, எலும்பைத் தொங்கவிட்டுத் தேடும் இந்த முறை எவ்வளவோ மேல்.

கூட்டின் நிலைக்கு வழிகாட்டியாகப் பக்கத்தில் வைத்திருந்தவை இரண்டு: கங்காரு இனத்து விலங்கு ஒன்றின் எலும்புக்கூடு, பறக்காத பெரிய பறவை ஒன்றின் எலும்புக்கூடு. இடுப்பும் பின்காலும் பறவையுடையதைப் போலிருந்தன. முன்கால் குட்டை. வால் நீளம். எனவே விலங்கை நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி, கங்காருபோல் உட்காரவும் நிற்கவும் முடிந்ததாகக் காட்டினார்கள். 1883-ல் அரண்மனை முற்றத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் அது மக்கள் பார்வைக்கு வந்தது. இந்தக் கூட்டை அடிப்படையாகக் கொண்ட இனத்துக்கு இகுவானொடான் பெர்னிஸார்டென்சிஸ் என்ற பெயரை ஜார்ஜ் பூலஞ்சே 1881-லேயே முன்வைத்திருந்தார்.

1882-ல் லூயி தொல்லோ அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். லீல் நகரில் பொறியியல் படித்தவர். எலும்பைத் தசையும் நெம்புகோலுமாகப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. கூம்பு எலும்பு எங்கே என்ற அறுபதாண்டுக் கேள்வியை அவர் முடித்து வைத்தார். களிமண்ணில் இணைந்தபடியே கிடந்த கைகளில் அது கட்டைவிரலின் இடத்தில் இருந்தது. இரு கையிலும், கூட்டுக்குக் கூடு. அதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை. கட்டிகளைப் பிரித்து எலும்பெலும்பாக மூட்டையில் கட்டிக் கொண்டுவந்திருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது.

வால்

முதுகெலும்பின் மேல்நீட்சிகளின் இருபுறமும், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வலைபோல், எலும்பாகிவிட்ட தசைநாண்கள் இகுவானொடானுக்கு இருந்தன. அவை வாலின் ஒரு பகுதிவரை ஓடின. உயிரோடு இருந்தபோதே வாலை விறைப்பாக நிறுத்தியவை அவை. லாவலெத்தின் படங்களில் பல கூடுகளில் வால் நேராகவே கிடக்கிறது. இறந்து, அழுகி, சேற்றில் புதைந்து, அடுக்கோடு அடுக்காகக் கீழே இறங்கியபின்னும் நேராகவே.

கங்காரு நிலைக்கு வால் வளைந்து தரையைத் தொட வேண்டும். வளையவில்லை. ஆகவே நிறுத்தும்போது சில கூடுகளின் வாலை இடையில் முறித்து வளைத்தார்கள். எலும்பு ‘முடியாது’ என்று சொன்னதைக் கேட்காமல், பக்கத்தில் நின்ற கங்காருவின் சொல்லைக் கேட்டதாகவே இதை நாங்கள் பார்க்கிறோம். கட்டைவிரலுக்குச் சாட்சியாக ஏற்றுக்கொண்ட அதே பதிவை வாலுக்கு ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் இதற்கு நியாயம் இல்லாமலில்லை: ஓவனின் நான்குகால் உருவத்தை உடைப்பதே அன்று பெரிய வேலை, அதை உடைக்க எதிர்முனைக்குப் போய்விட்டார்கள்.

1980-ல் டேவிட் நார்மன் பெர்னிஸார் கூடுகளை முழுமையாக மறுஆய்வு செய்து வெளியிட்டார். தசைநாண் வலையும் முதுகெலும்புகளின் அமைப்பும் உடலைக் கிடைமட்டமாக வைத்தன. வால் பின்னே நீண்டு முன்னுடலுக்கு எதிர்ச்சமன் கொடுத்தது. மணிக்கட்டு எலும்புகள் கனமாக ஒன்றிணைந்திருந்தன, நடு மூன்று விரல்களின் நுனி குளம்பு போலிருந்தது. எடை தாங்கும் கை அது. வளர்ந்த விலங்கு பெரும்பாலும் நான்கு காலிலும் நடந்திருக்கும். ஓவன் நான்கு கால் என்று சொன்னது ஒரு விதத்தில் திரும்பி வந்தது, காண்டாமிருக உடல் இல்லாமல். பெர்னிஸாரில் கிடைத்த மெலிந்த உடலமைப்புக் கூடு இன்று, 2007-ல் பெயர் பெற்ற மான்டெலிசாரஸ் என்ற வேறு பேரினத்தில் வைக்கப்படுகிறது; மான்டெலின் பெயர் அப்படியாவது பெர்னிஸாரைச் சேர்ந்தது.

அருங்காட்சியகத்தில் கூடுகள் இன்றும் பழைய நிமிர்ந்த நிலையிலேயே நிற்கின்றன. பிழை என்று தெரிந்தும் மாற்றவில்லை, ஏனெனில் கழற்றி வேறு நிலைக்குக் கொண்டுவந்தால் பைரைட் அரித்த எலும்பு தாங்காது. இது சரியான முடிவு என்றே எண்ணுகிறோம். கீழ்த்தளத்தில் பல கூடுகள் சுரங்கத்தில் கிடந்தபடியே பிளாஸ்டரில் படுத்திருக்கின்றன. அங்கே போகும் வாசகர்கள் மேலே நிற்பவற்றைப் பார்த்துவிட்டு அவசியம் கீழே இறங்க வேண்டும். தலை பின்னோக்கி வளைந்திருப்பதும் வால் நீட்டிக் கிடப்பதும் அங்கேதான் தெரியும்.

மீண்டும் தோண்ட முயன்றவர்கள்

முதல் உலகப் போரில் பெல்ஜியத்தை ஆக்கிரமித்த ஜெர்மானியர், தொல்லுயிர் ஆய்வாளர் ஓட்டோ யேக்கலின் வழிகாட்டலில் 1916-ல் களிமண் குழியை நோக்கிப் புதிய குடைவழி வெட்டினார்கள். எலும்பு அடுக்கை அடையுமுன் போரின் போக்கு மாறி வேலை நின்றது. சுரங்கம் பிறகு நீர் புகுந்து கைவிடப்பட்டது.

2002-2003-ல் தரையிலிருந்து துளையிட்டு குழியின் படிவ அடுக்குகளைத் தண்டாக எடுத்தார்கள். அதிலிருந்த மகரந்தங்களும் வித்துத்தூள்களும் படிவத்தின் வயதை கிரிட்டேசியஸ் காலத்துக்குள் வரும் பாரேமியன் கட்டத்தின் பிற்பகுதிக்கும் ஆப்டியன் தொடக்கத்துக்கும் இடையே வைத்தன. விலங்குகள் ஏன் கூட்டமாகச் செத்தன என்பதற்கு, ஆழத்திலிருந்து கசிந்த சல்ஃபேட் மிகுந்த நீரும் சேற்றில் உருவான ஹைட்ரஜன் சல்ஃபைடும் நீர்நிலையை நச்சாக்கியிருக்கலாம் என்ற கருத்து இப்போது முன்வைக்கப்படுகிறது. எலும்பில் பைரைட்டை ஏற்றியதும் அதே வேதிவினைதான். அந்தக் கருத்தைச் சோதிக்க வேண்டுமானால் எந்தக் கூடு எந்த அடுக்கில், எந்தப் பக்கம் சாய்ந்து, எதன்மேல் கிடந்தது என்று தெரிய வேண்டும். துளைத்தண்டு அதைச் சொல்லாது. ஆய்வாளர்கள் அதற்காக இன்னும் லாவலெத்தின் படங்களையும் 1878 முதல் 1881 வரை கட்டிகளின்மேல் எழுதப்பட்ட எழுத்துகளையும் எண்களையும் எடுத்து ஒப்பிடுகிறார்கள்.